பேரேடும் பேட்டர்ன் லாக்கும்

பதிவு எழுதி ஏழெட்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா நிஜம் அது இல்ல. வீட்ல அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் நடந்த கூத்தை எழுதலாம்னு உட்காரும்போதெல்லாம் கை ஓடல. இப்ப அப்பா தேறி வர்றார். அதனால கொஞ்சம் தைரியமா எழுதுறேன். நீளமான பதிவு மக்களே, காபியோட உட்காருங்க.

2025 ஜூன் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலைல ஆறு மணிக்கு அம்மாகிட்ட இருந்து போன். நான் பெங்களூர்ல, அம்மா அப்பா ஊர்ல. ஊருன்னா நாச்சியாபுரம், குன்றக்குடிக்குப் பக்கத்துல. அம்மா அந்த நேரத்துல கூப்பிடவே மாட்டாங்க. எடுத்த உடனே, "தம்பி, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது. வலது கையத் தூக்க மாட்டேங்குறாக. என்னமோ சொல்றாக, ஒண்ணும் வெளங்கல."

பக்கவாதம்னு தோணுச்சு. எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டேன். காபி டம்ளரைக் கையில வாங்கும்போதுதான் நழுவிச்சாம், கால் மணி நேரம்கூட ஆகல. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருந்தா, அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுவும் சீக்கிரம் போடப் போட அவ்வளவு நல்லது. இது எனக்கு எங்கயோ படிச்ச ஞாபகம். "பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்புங்க, நேரா மதுரைக்குப் போங்க, நடுவுல எங்கயும் நிக்காதீங்க, தண்ணிகூட கொடுக்காதீங்க"ன்னு கத்தினேன். அண்ணன் லுங்கியோட வண்டி எடுத்தார். எட்டு மணிக்கு முன்னாடி மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு, ஸ்கேன் எடுத்து ஊசியும் போட்டாச்சு. வாய் கோணுறது, கை விழறது, பேச்சு குழறுறது... இந்த மூணுல ஒண்ணைப் பார்த்தாலும் மணியைப் பாத்து வெச்சுக்கிட்டுக் கிளம்பிடுங்க. கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாப் போகும்னு சொல்ற பெரியவங்க பேச்சை அன்னைக்கு மட்டும் கேக்காதீங்க.

நான் அடிச்சுப் பிடிச்சு மதியத்துக்குள்ள போய்ச் சேர்ந்தேன். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். என்னைத் தெரியுது. கேக்குறதெல்லாம் புரியுது. ஆனா பேச்சு வரல. எதைக் கேட்டாலும் "ரெண்டு". தண்ணி வேணுமாப்பா? "ரெண்டு." வலிக்குதா? "ரெண்டு." இடது பக்க மூளையில பேச்சுக்கான இடத்துக்குப் போற ரத்தம் நின்னதால இப்படின்னு டாக்டர் சொன்னார். நினைப்பு இருக்கும், சொல்லு வெளிய வராது. சிலருக்கு ஒரே சொல்லு மட்டும் மாட்டிக்கிட்டு நிக்குமாம். எங்க அப்பாவுக்கு ரெண்டு.

நாப்பது வருஷம் காரைக்குடில ஒரு கடையில கணக்கு எழுதினவர். கடைசியில மாட்டினதும் ஒரு நம்பர்தான் பாருங்க.

கீழ இன்சூரன்ஸ் கவுன்ட்டர்ல பாலிசி நம்பர் கேட்டாங்க. அப்பா வருஷா வருஷம் மருத்துவக் காப்பீடு கட்டுறார்னு எனக்குத் தெரியும். எந்த கம்பெனி? தெரியாது. எவ்வளவுக்கு? தெரியாது. அட்டை எங்க? "எல்லாம் போன்ல இருக்கு"ன்னு அம்மா அப்பாவோட போனை நீட்டினாங்க. பேட்டர்ன் லாக். ஒன்பது புள்ளி என்னைப் பார்த்துச் சிரிக்குது.

இங்க ஒரு கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

எங்க வீடு பெரிய வீடுதான், ஆனா எங்களுக்குப் பெரிய பங்கு கிடையாது. முகப்பு, வளவு, பட்டாலை எல்லாம் பங்காளிகளுக்குப் பொது. எங்க புள்ளிக்குன்னு இருக்கிறது ஒரு உள்வீடும் அடுப்படியில ஒரு மூலையும். அந்த உள்வீட்டுல ஒரு இரும்புப் பெட்டி. அதுல நகை இருந்ததை நான் பார்த்ததே இல்ல. நோட்டுதான் இருக்கும். பாட்டையா காலத்துப் பேரேட்டுல இருந்து ஐயா எழுதின வீட்டுக் கணக்கு வரைக்கும் துணியில சுத்திக் கட்டி வெச்சிருப்பாங்க.

பாட்டையா பர்மாவுல மோல்மேன்ல ஒரு கடையில மேலாளா இருந்தவர். அந்தக் கால செட்டிநாட்டு வட்டிக்கடை ஏற்பாடு எப்படின்னா, முதலாளி ஊர்ல இருப்பார். கடையை நடத்தறதுக்கு ஒருத்தரை மூணு வருஷக் கணக்குக்கு அனுப்புவாங்க. மூணு வருஷம் முடிஞ்சா அவர் கப்பல் ஏறி ஊருக்கு வருவார், வேற ஒருத்தர் போய்ப் பொறுப்பு ஏத்துக்குவார். புதுசா வர்றவருக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாது. யார் எவ்வளவு வாங்கினா, எந்த நெலம் அடமானத்துல இருக்கு, யாருக்கு நாம கொடுக்கணும்... எல்லாத்தையும் அவர் கணக்கைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அன்னன்னைக்கு நடக்கிறது குறிப்புல. அதை ஆள்வாரியாப் பிரிச்சு பேரேட்டுல. எல்லாத்தையும் திரட்டி பற்றும் வரவும் நேர் நிக்குதான்னு பார்க்க ஐந்தொகை. எழுதினவன் செத்துப்போனாக்கூட அடுத்தவன் உட்கார்ந்து படிச்சுக் கடையை நடத்தணும். அதுக்காகவே எழுதின கணக்கு.

ஐடில இதுக்குப் பேர் கேடி. நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்ங்க, நீங்க நினைக்கிற கேடி இல்ல. நான் பிராஜெக்ட் மாறும்போதெல்லாம் நாப்பது பக்கத்துக்கு ஆவணம் எழுதிக் கொடுத்துட்டு வர்றவன். எந்த சர்வர் எங்க இருக்கு, எது விழுந்தா யாரைக் கூப்பிடணும், எல்லாம் படம் போட்டு எழுதுவேன். அதுக்கு அப்ரைசல்ல பாராட்டு வேற.

1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த சில மாசத்துல லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடி வந்தாங்க. பாட்டையாவும் அதுல ஒருத்தர். துணிமணியைக்கூட விட்டுட்டுக் கணக்கு மூட்டையோட வந்தாராம். யுத்தம் முடிஞ்சு 1948-ல பர்மா சுதந்திரம் வாங்கினதும் நிலத்தையெல்லாம் அரசுடைமை ஆக்குற சட்டம் வந்துச்சு. போனது போனதுதான். ஆனா என்ன போச்சுன்னு மட்டும் எங்க வீட்டுல அணா பைசா சுத்தமாத் தெரியும், ஹி ஹி. அந்தப் பேரேட்டை நான் திறந்து பார்த்திருக்கேன். முதல் பக்கம் மேல ஒரு உ, அதுக்குக் கீழ சிவமயம், அப்புறம் தமிழ் எண்கள்ல வரிசையாத் தொகை. முக்கால், அரை, கால், மா, காணின்னு பின்னத்துக்கெல்லாம் தனித்தனி அடையாளம். எனக்குப் பாதி விளங்காது. அப்பா சரளமாப் படிப்பார்.

அப்பாவும் அப்படியே எழுதினவர்தான். வருஷத்துக்கு ஒரு நீள நோட்டு. பால் கணக்கு, கரண்ட் பில் சர்வீஸ் நம்பர், எல்ஐசி பாலிசி நம்பர், வைப்புத்தொகை எப்ப முதிருது, பங்காளி வீட்டுக்குக் கொடுத்த அண்டா திரும்பி வந்துச்சா... எல்லாம்.

2019-ல காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரில படிப்பை முடிச்சேன். முதல் சம்பளத்துல அப்பாவுக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தேன். ஜிமெயில் போட்டுக் கொடுத்தேன். வங்கி ஆப், இன்சூரன்ஸ் ஆப், கரண்ட் பில் கட்டுற ஆப் எல்லாம் ஏத்திக் கொடுத்தேன். அப்ப அவர் அந்த வருஷத்து நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணையும் எழுதிக்கிட்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இன்னும் எதுக்குப்பா நோட்டு? எல்லாம் போன்லயே இருக்கு."

அவர் ஒண்ணும் சொல்லல. பேனாவை மூடி வெச்சார். 2020-க்கு நோட்டு கிடையாது. நாலு தலைமுறையா எழுதின கணக்கு என் ஒரு வாக்கியத்துல நின்னுபோச்சு. ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல அந்த ஒன்பது புள்ளியைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப இதுதான் தலைக்குள்ள ஓடுச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பேட்டர்னை ஊகிச்சுப் பார்த்தேன். எல் போட்டேன், இசட் போட்டேன், என் போட்டேன். அஞ்சு தடவை தப்பாப் போட்டதும் கொஞ்ச நேரம் பொறுன்னு போன் சொல்லிடுச்சு. அப்புறம்தான் மண்டையில உறைச்சது. போன் திறக்கலைன்னா என்ன, சிம் கார்டு கையில இருக்கே! ஊசியால குத்தி சிம்மை வெளிய எடுத்து என் போன்ல போட்டேன். அப்பாவோட ஜிமெயில் முகவரி எனக்குத் தெரியும், நான்தானே உருவாக்கினேன். பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அமுக்கினேன், அவர் நம்பருக்கு ஓடிபி வந்தது, உள்ள போயிட்டேன். பாலிசி புதுப்பிச்ச மெயில் கிடைச்சது. கவுன்ட்டர் பொண்ணுகிட்ட நம்பரைக் காட்டினேன். மொத்தம் பத்து நிமிஷம்.

முதல்ல என் முதுகை நானே தட்டிக்கிட்டேன். காரிடார் பெஞ்சுல உட்கார்ந்தப்புறம் வேர்த்துப்போச்சு. அந்தப் பத்து நிமிஷத்தை யார் வேணா செஞ்சிருக்கலாமே? அப்பா போனை பஸ்ல தொலைச்சிருந்தா, எடுத்தவன் சிம்மைக் கழட்டி மாட்டினா போதும். திரைக்குப் பூட்டு போடுறோம், கைரேகை வைக்கிறோம், முகத்தைக் காட்டுறோம். ஆனா எல்லாப் பூட்டோட சாவியும் நகம் அளவு சிம்முல தொங்குது, அதுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு இருக்கு, நாமதான் போடுறதில்ல. போன் செட்டிங்ஸ்ல சிம் லாக்னு ஒண்ணு இருக்கும். அதுல பின் நம்பர் வெச்சா, சிம்மை வேற போன்ல மாட்டினாலும் அந்த நம்பரைக் கேக்கும். பழைய பின் என்னன்னு முதல்ல உங்க சிம் கம்பெனிகிட்ட கேட்டுக்கிட்டு மாத்துங்க. மூணு தடவை தப்பாப் போட்டா சிம் பூட்டிக்கும், அப்புறம் பக் நம்பர்னு எட்டு இலக்கம் வாங்கித் திறக்கணும். ஆனா ஒரு விஷயம். அப்பா சிம்ல நான் அந்தப் பின்னை வெச்சிருந்தா அன்னைக்கு எனக்கே ஓடிபி வந்திருக்காது. பூட்டவும் வேணும், பூட்டினதை வீட்ல ஒருத்தருக்குத் தெரிய வைக்கவும் வேணும். இந்த இடத்துல இஞ்சினியரிங் முடிஞ்சு குடும்பம் ஆரம்பிக்குது.

மூணாவது நாள். அப்பா இடது கை ஆட்காட்டி விரலால போர்வை மேல எதையோ கிறுக்கிக்கிட்டே இருந்தார். திரும்பத் திரும்ப. நர்ஸ் அக்கா, "சில பேர் இப்படித்தான் செய்வாங்க, பயப்படாதீங்க"ன்னாங்க. நானும் விட்டுட்டேன். அம்மா மட்டும் கிட்ட போய்க் குனிஞ்சு பார்த்தாங்க. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"சுழி போடுறாகடா."

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழி. அவுக எதைச் சுழி போடாம ஆரம்பிச்சிருக்காக?"

போனை எடுத்தேன். மேல இடது புள்ளியில ஆரம்பிச்சு, வலது பக்கம் ஒண்ணு, கீழ ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு, மறுபடி கீழ, அப்புறம் அடிவரிசையில நீளமா வலது பக்கம் இழுத்தேன். உ. திறந்துக்கிச்சு. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர் வேற என்ன பேட்டர்ன் வெப்பார்? எனக்கு எல்லும் இசட்டும்தான் தோணுச்சு. (இப்ப பேட்டர்னை மாத்தியாச்சு, திருட்டு நண்பர்கள் மன்னிக்கவும்.)

அப்பா முகத்தைப் பார்த்தேன். மூணு நாளா அவருக்கு என் கஷ்டம் தெரிஞ்சிருக்கு. பதிலும் தெரிஞ்சிருக்கு. சொல்றதுக்குத்தான் வழியில்லாம இருந்திருக்கார். அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

பன்னெண்டு நாள் கழிச்சு ஊருக்குக் கூட்டிட்டு வந்தோம். போன் திறந்தாச்சு, எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன். பிரச்சனை அடுத்த ரூபத்துல வந்துச்சு, வங்கி ரூபத்துல. சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை ரெண்டுமே அப்பா பேர்ல மட்டும். செக்குல கையெழுத்துப் போடுற கை விழுந்துபோச்சு. அம்மாதான் நாமினி. அந்தத் தைரியத்துல வங்கிக்குப் போனோம். "நாமினி எல்லாம் அவருக்கு அப்புறம்தான் தம்பி"ன்னு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார். அம்மா முகத்தை நான் பார்க்கல.

சொன்ன விதம் கொடுமை. சொன்ன விஷயம் சரி. நாமினிங்கிறவர் கணக்குதாரர் காலமானப்புறம் வங்கிகிட்ட இருந்து பணத்தை வாங்கிக்கிற ஆள், அவ்வளவுதான். உயிரோட இருக்கிறவரைக்கும் அவருக்கு ஒரு ரூபா எடுக்க உரிமை இல்ல. வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை அதுக்கு அப்புறமும் அவர் வாரிசுகளுக்காக வாங்கி வெச்சுக்கிறவர்தான், சொந்தக்காரர்னு அர்த்தம் இல்ல. பவர் எழுதி வாங்கிட்டா போச்சுன்னு ஒரு மாமா சொன்னார். அதுவும் அரைகுறை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துப்படி, எழுதிக் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போனா பவரும் போச்சு. எப்ப ரொம்பத் தேவையோ அப்ப செல்லாது! கோமாவுல இருக்கிறவங்க குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் உரிமை வாங்க வேண்டியிருக்கு. 2024 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மனைவிக்கு அப்படி உரிமை கொடுத்த தீர்ப்பு பேப்பர்லயே வந்துச்சு.

நல்ல வேளையா எங்க அப்பாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு, கைதான் இல்ல. இதுக்கு ரிசர்வ் வங்கி விதியில வழி இருக்கு. கையெழுத்துப் போட முடியாத நோயாளி பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியலைன்னா கால் விரல் ரேகைகூட வைக்கலாம். ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் வங்கி அதிகாரியா இருக்கணும். அதைப் பிரிண்ட் எடுத்துட்டு மறுபடி போனேன். இந்தத் தடவை மேனேஜரையே பார்த்தேன், நல்ல மனுஷர். ஒரு அதிகாரியை வீட்டுக்கே அனுப்பி வெச்சார். அப்பா பட்டாலையில சாய்வு நாற்காலியில உட்கார்ந்து இடது பெருவிரல் ரேகை வெச்சார். அம்மாவையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கா மாத்தினோம். அந்தப் படிவத்துல "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்"னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணணும். அப்பதான் யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும். "இருவரும் சேர்ந்து"ன்னு போட்டுட்டா கூட்டுக் கணக்குன்னு பேர்தான், பழைய கதைதான். உங்க வீட்ல அப்பா பேர்ல மட்டும் கணக்கு இருந்தா, இந்தப் பதிவை இங்கயே நிறுத்திட்டுப் போய் இந்த ஒண்ணை முதல்ல பாருங்க. மீதியை அப்புறம் படிக்கலாம்.

நாமினி வேண்டாம்னு சொல்லல, அதுவும் கட்டாயம் வேணும். 2025 நவம்பர் 1-ல இருந்து வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம்னும் பிரிக்கலாம். ஐயா பேர்ல ஏதாவது பழைய கணக்கு தூங்குதான்னு அப்படியே பார்த்தேன். பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியோட ஒரு நிதிக்கு அனுப்பிடும், வாரிசு போய்க் கேட்டா திரும்பக் கிடைக்கும். எந்த வங்கியில கிடக்குன்னு தேட 2023-ல உத்கம்னு ஒரு தளம் திறந்தாங்க. ஐயா பேர்ல ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவர்தான் நோட்டு எழுதினவராச்சே, எதையும் தூங்க விட்டிருக்க மாட்டார்.

இப்ப அம்மா கதை. எங்க வீட்ல இவ்வளவு அமளியிலும் தொலையாதது ஒண்ணே ஒண்ணு, அம்மாவோட சாமான் கணக்கு. கல்யாணத்துல வந்த பாத்திரம், மரவை, தூக்கு, ஒவ்வொண்ணுலயும் பேர் வெட்டியிருக்கும். எது எந்தப் பெட்டியில இருக்கு, எதை யார் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு ஒரு நோட்டு இருக்கு. அந்த நோட்டு எங்க இருக்குன்னு என் அக்காவுக்குத் தெரியும். அக்கா பொண்ணுக்கும் தெரியும். நான் உட்கார்ந்து "பேக்கப் எடுக்கணும்மா, ரெண்டு எடத்துல வெக்கணும்மா"ன்னு லெக்சர் அடிச்சப்ப அம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "அதைத்தானே நாங்க செஞ்சுக்கிட்டிருந்தோம், நீ வந்துதானே வேணாம்ன?"ன்னாங்க. பல்பு. ஆயிரம் வாட்ஸ்.

ஆவணி பிறந்ததும் காரைக்குடி போய் ஒரு நீள நோட்டு வாங்கிட்டு வந்தேன். துணி அட்டை போட்டது. அதுல என்ன எழுதினோம்னு சொல்றேன், உங்களுக்கு உதவும். பாஸ்வேர்டு எதையும் நோட்டுல எழுதல. நோட்டைப் பல பேர் புரட்டுவாங்க. எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு யார் பேர்ல, நாமினி யார், பாலிசி நம்பர், எப்ப புதுப்பிக்கணும், கேஸ் இணைப்பு, கரண்ட் சர்வீஸ் நம்பர், பத்திரம் எங்க இருக்கு, யாருக்குக் கொடுக்கணும், யார் தரணும்... இதெல்லாம்தான் நோட்டு. போன் திறக்கிற முறை, சிம் பின், மெயில் பாஸ்வேர்டு மூணையும் ஒரு தாள்ல எழுதி உறையில போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல அம்மா கையெழுத்துப் போட்டு இரும்புப் பெட்டியில வெச்சாச்சு. யாராவது பிரிச்சா தெரிஞ்சுடும். அப்பா சாப்பிடுற மாத்திரை, ரத்த வகை, என் நம்பர் எல்லாத்தையும் போனைத் திறக்காமலே தெரியிற மாதிரி அவசரத் தகவல் பகுதியில போட்டு வெச்சேன். பூட்டின திரையிலேயே அவசரம்னு அமுக்கினா வரும். இது எல்லா போன்லயும் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை.

முதல் பக்கத்துல நான் தலைப்பு எழுதப் போனப்ப அப்பா இடது கையால என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். பேனாவை வாங்கி, ரொம்ப நேரம் எடுத்து, கோணல்மாணலா ஒரு உ போட்டார். அப்புறம் நோட்டை என் பக்கம் தள்ளினார், இப்ப எழுதுங்கிற மாதிரி.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் ஒருத்தங்க வர்றாங்க. வார்த்தை திக்கித் திக்கி வருது. ஆனா ஐயாவோட பழைய நோட்டைக் கையில கொடுத்தா தொகையை வரிசையா வாசிக்கிறார். எண்ணு வருதுன்னா எழுத்தும் வரும்னு அந்தம்மா சொன்னாங்க. அதனால தினம் சாயங்காலம் வளவுல உட்கார்ந்து ஐயா காலத்துப் பால் கணக்கு வாசிப்பு நடக்குது. பங்காளி வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து உட்கார்ந்து "அப்ப பால் அவ்வளவுதானா!"ன்னு பெருமூச்சு விடுவாங்க.

இதுல என் யோக்கியதை என்னன்னும் சொல்லணும். பெங்களூர் திரும்பி வந்து என் கணக்கை யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? மூணு வங்கி, ரெண்டு மியூச்சுவல் ஃபண்ட் ஆப், பிஎஃப், கம்பெனி இன்சூரன்ஸ். என் கம்பெனி பேரையே அம்மா சரியாச் சொல்ல மாட்டாங்க. பாஸ்வேர்டு எல்லாம் ஒரு மேனேஜர் ஆப்ல, அதோட இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என் போன்ல மட்டும். போன் உடைஞ்சா நானே என் வாழ்க்கைக்குள்ள போக முடியாது. அப்பாகிட்ட ஒரு சுழியாவது இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியே பிஎஃப் தளத்துல நாமினேஷன் போட்டேன். கூகுள்ல இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்னு ஒண்ணு 2013-ல இருந்தே இருக்கு. நான் இத்தனை நாள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்ல. மூணு மாசத்துல இருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் ஒரு கெடு வெச்சு, அதுவரைக்கும் நாம கணக்கைத் தொடலைன்னா நாம சொன்ன ஆளுக்குத் தகவல் போகும், போட்டோ, மெயில்னு நாம குறிச்சதை அவங்க எடுத்துக்கலாம். பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். நான் அக்கா பேரைப் போட்டேன். போடாம விட்டா ரெண்டு வருஷம் சும்மா கிடக்கிற கணக்கை கூகுள் அழிச்சுடலாம், அதுவும் அவங்க விதியிலேயே இருக்கு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான பேக்கப் கோடுகளைத் தாள்ல பிரிண்ட் எடுத்தேன். ஆபீஸ் பிரிண்டர்ல இல்லீங்க, கடையிலும் இல்ல. நண்பன் வீட்டுப் பிரிண்டர்ல, நானே நின்னு எடுத்தேன்.

இவ்வளவும் செஞ்சும் ஒண்ணு பாக்கி. ஊர் நோட்டுல அப்பா ஒவ்வொருத்தருக்கும் பேரேடு மாதிரி தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கார். அம்மா பக்கம் நிறைஞ்சிருக்கு. அக்கா தீபாவளிக்கு வந்தப்ப அவ பக்கத்தை எழுதிட்டுப் போயிட்டா. என் பேர் எழுதின பக்கம் காலியாக் கிடக்கு. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து கேமரா முன்னாடி பிடிச்சார். விரலால ரெண்டு தடவை தட்டினார்.

"எப்ப?"ன்னார். தெளிவா வந்துச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். பேக்கப் கோடு வெச்ச உறை பைக்குள்ள இருக்கு.